பாட்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

போன வாரம் கல்பனாவைச் சித்தூரில் குடிபாலா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவளுக்கு உட்கார இடம்கூடக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருகிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கல்பனாவின் அண்ணன் ஹேமநாத் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், திருப்பதியில் இன்ஜினீயரிங் படித்தபோது, சிநேகிதர்களோடு ஒரு ராக் குழு ஆரம்பித்தான். ஏழு மலைக்குப் பக்கத்தில் எட்டாவது மலை நாங்கள் என்று வாய்க்கொழுப்பாக ‘எய்ட்த் ஹில்’ என்று பெயர் வைத்தார்கள். வாசித்தது ப்ராக்ரஸிவ் ராக் என்கிற சங்கதி. உலை வைத்துச் சாதம் வடிக்கிற நேரம் ஒரே பாட்டு ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடுகிறவன் எங்கேயோ காணாமல் போய்ச் சாவகாசமாகத் திரும்பி வருவான். அப்புறம் ஹேமநாத் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனான். அதோடு குழு செத்துப்போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு அவர்களுடைய ‘தி வெல்’, அதாவது ‘கிணறு’, என்ற பாட்டைத் தெரியாத காலேஜ் பிள்ளை பெங்களூரில் கிடையாது.

அந்தப் பாட்டுக்கு உயிரே தொடக்கத்தில் வரும் டிரம்ஸ்தான். ஏழு அடித் தாளம். அதைக் கண்டுபிடித்தவர் டிரம்மர் பவன்குமார் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சுத்தப் பொய். கண்டுபிடித்தவள் நம்ம கல்பனா. முதல்முதலாக மேடையில் வாசித்தவளும் அவளே. அக்கா யசோதாவின் கல்யாண ரிசப்ஷனுக்கு வரவேண்டிய ஆர்க்கெஸ்ட்ரா வராமல் போக, அண்ணன் குழு மேடையேறியது. அந்தத் தாளம் பவன்குமாரின் கைக்கு வரவே இல்லை. தங்கச்சி உட்கார்ந்தாள். பிற்பாடு ரிக்கார்டில்கூட அந்தத் தாளத்தைக் கம்ப்யூட்டரில்தான் கோத்தார்கள்.

அடுத்த மாசமே அவளுக்குச் சித்தூரிலிருந்து வரன் வந்தது. பெண் மேடையேறி டிரம்ஸ் அடித்தவள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள் என்று அப்பா நாகேந்திரனுக்குப் பயம். ‘அவ சும்மா விளையாட்டுக்கு உக்காந்தா, வாசிச்சது பவன்குமாரு’ என்று எல்லோர் வாயையும் கட்டிவிட்டார். அந்தக் கட்டு இன்னும் அவிழவில்லை.

குழுவைப் பற்றி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் திருப்பதியில் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். நாளைக்கு அது டிவிடியாக அச்சுக்குப் போகிறது. அதில் கல்பனா பெயர் இல்லை. இனி ஒருபோதும் இருக்கப்போவதும் இல்லை.

“உனக்கே ஆதாரம் வேணுமாண்ணா?” என்று போனில் அவள் கேட்டபோது ஹேமநாத் திணறினான்.

“எனக்கு வேணாம்மா, ஊருக்கு வேணும். தங்கச்சின்னு சும்மா இடம் குடுக்கறான்னு பேசுவாங்க. அந்தக் காலத்து மேடை வீடியோ உருப்படியா ஒண்ணுகூட எங்க யார்கிட்டயும் இல்ல. இருந்தா எடுத்துக்கினு வா, நான் பேரு போடறேன்.”

வீடியோ இருக்கிறது. குடிபாலாவில் யசோதாவின் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. குடும்பமே வருஷா வருஷம் போட்டுப் பார்த்துச் சிரிக்கிற கேசட். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

காலையில் கிளம்பும்போது மாமியார் கமலம்மாவிடம் கல்பனா ஒரு பொய் சொல்லியிருந்தாள். புருஷன் ஹரிபாபு குவைத்தில். இவளுக்கு மாங்கூழ் கம்பெனியில் வேலை. வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம்.

“திருச்சானூர் தாயாருக்கு ஒரு வேண்டுதல் அத்தே. சாயங்காலம் ஆயிடும்.”

கமலம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. “போய்ட்டு வா. தாயாருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், நீதான் கூச்சப்படாம கேக்கணும். ஷெல்ப்புல தைலம் இருக்குது பாரு, எடுத்துக்கினு போ. கை வலிக்கும்.”

சாமி கும்பிட்டால் கை ஏன் வலிக்கவேண்டும்? வயசாச்சு, எதையோ நினைத்துக்கொண்டு எதையோ பேசுகிறார் என்று கல்பனா தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

குடிபாலாவில் யசோதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இன்னாடீ இது, சொல்லாம கொள்ளாம? முதல்ல துன்னு, அப்புறம் பேசு.”

“துன்ன நேரமில்லக்கா. உன் கல்யாணக் கேசட்டு வேணும்.”

யசோதாவின் முகம் மாறியது. “நைனா நேத்தே போன் பண்ணிட்டாரு. கல்பனா வந்தா கேசட்டைக் குடுக்காதன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன். அவர்கிட்ட வேற இன்னா சொல்றது?” என்றாள் யசோதா. ஆனாலும் பீரோவைத் திறந்தாள். கேசட்டை எடுத்தவள் அதைத் தங்கைக்குக் கொடுக்காமல் தன் வீட்டு டெக்கில் போட்டாள். மூடியில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அந்த டெக் ஓடும். தட்டினாள்.

ரோஜாப் பூக்கள் சுற்றின. அவற்றின் நடுவே இதய வடிவத்தில் யசோதாவும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். பிறகு ரிசப்ஷன் மேடை. டிரம்ஸுக்குப் பின்னால் பாவாடை தாவணியில் கல்பனா, பத்தொன்பது வயசு, தலை நிறையக் கனகாம்பரம். கை மின்னலாகப் பறக்கிறது. ஆனால் காதில் விழுவதோ மெதுவாகக் கொஞ்சுகிற ஒரு சினிமா டூயட்! வீடியோக்காரரிடம் சொல்லி அந்தப் பகுதி முழுக்கச் சினிமாப் பாட்டைப் போடவைத்தவர் நாகேந்திரன்தான். பாட்டு ஒரு பக்கம் தாலாட்டுகிறது, கை ஒரு பக்கம் போர் புரிகிறது. பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ரிமோட்டை எடுத்துப் பந்திச் சாப்பாடு வரைக்கும் ஓட்டிவிடுவார்கள். அந்தப் பகுதியை முழுசாகப் பார்த்தவர்கள் வீட்டில் ஒருவர்கூட இல்லை.

யசோதாவுக்கு வழக்கம்போலச் சிரிப்பு வந்தது. திரும்பித் தங்கையைப் பார்த்தாள். கல்பனா சிரிக்கவில்லை. விரல்கள் மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. டிவியில் ஓடுகிற பாட்டுக்கு அல்ல, அந்தக் கைக்கு.

“உனக்குக் கஷ்டமா இருக்கும்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமில்ல? நாங்க லூசு மாதிரி சிரிச்சிக்கினு இருந்தோம்.”

“நீங்க சந்தோஷமா சிரிச்சீங்க. நான் இன்னா சொல்றது?”

யசோதா டெக்கை நிறுத்திக் கேசட்டை வெளியே எடுத்தாள். “இதுல சத்தமே இல்லியேடீ. இதைக் காட்டினா யாரு நம்புவாங்க?”

“படமாவது இருக்குது. அங்க உக்காந்தது நான்தான்னு தெரியட்டும்.”

“அப்போ நானும் வர்றேன். என் கல்யாணம் உன்னோட தனியா பஸ் ஏறிப் போறதா? நைனா கேட்டா நான் பேசிக்கறேன்.” சோற்றுக்கு ஒரு மூடி போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டாள் யசோதா. அக்காக்களில் இப்படியும் ஒரு ரகம் உண்டு. பேச்சில் அப்பா கட்சி, காரியத்தில் நம் கட்சி.

திருப்பதியில் படம் போடுகிற ஓட்டல் ஹாலுக்குள் அக்காவும் தங்கையும் நுழைந்தபோது நாற்காலிகள் பாதிக்குமேல் நிரம்பியிருந்தன. பழைய காலேஜ் சிநேகிதர்கள், பெங்களூரிலிருந்து வந்த ரசிகர்கள், இரண்டு நிருபர்கள். மேடையில் டிரம்ஸும் கிடாரும் தயாராக இருந்தன. முன்வரிசையில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நாகேந்திரன். அமெரிக்கப் பிள்ளையின் பெருமையில் மிதந்துகொண்டிருந்தவர், கல்பனாவின் கையிலிருந்த கேசட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“யசோதா! குடுக்காதன்னு சொன்னேன் இல்ல?”

“நான் குடுக்கல நைனா. என் பொருளை நான் எடுத்தாந்தேன்.”

அவர் சின்னவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “வேணாம்மா. மாமியார் வீட்ல மரியாதையா இருக்கற. நிருபர்லாம் வந்துக்கிறாங்க. நாளைக்குப் பேப்பர்ல வந்து, கமலம்மா பார்த்து, எங்க கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு கேட்டா நான் முகத்தை எங்க வெச்சிக்கறது?”

“உன் முகத்துக்காகப் பன்னெண்டு வருஷம் வாயை மூடிக்கினு இருந்தேன் நைனா. ரேடியோல அந்தப் பாட்டு வந்தா என் பொண்ணு ஆடறா. அது உங்கம்மா போட்ட தாளம்னு சொல்ல முடியல எனக்கு. என் பேரு வேணும். வேற எதுவும் கேக்கல.”

நாகேந்திரன் இப்படியொரு குரலைத் தன் சின்ன மகளிடமிருந்து கேட்டதே இல்லை.

ஹேமநாத் ஓடிவந்தான். கூடவே படத்தின் டைரக்டர், பெங்களூர்ப் பெண்மணி. இரண்டடி தள்ளிப் பவன்குமார். இப்போது பெங்களூரில் டிரம்ஸ் பள்ளிக்கூடம் நடத்துகிறவன். கல்பனாவைக் கண்டதும் கீழே தரையில் என்னவோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

“வீடியோவா? பழைய மேடையா?” டைரக்டருக்குக் கண் விரிந்தது. “ஏன் முதல்லயே சொல்லல?”

“சத்தம் இல்ல மேடம்,” என்றான் ஹேமநாத் சங்கடமாக. “மேல சினிமாப் பாட்டு போட்டுட்டாங்க. எங்க வீட்ல அது ஒரு காமெடி.”

“பரவாயில்ல, முதல் மேடைன்னா படம் மட்டுமாவது வேணும். என் டெக்கு புரொஜெக்டர் பக்கத்துலயே இருக்குது. இப்பவே போடலாம்.”

“போடட்டும் நைனா,” என்றாள் கல்பனா. “எல்லாரும் சிரிக்கட்டும். சிரிச்ச பிறகு நான் கேக்கறேன்.”

விளக்கு அணைந்தது. பெரிய திரையில் ரோஜாப் பூக்கள் சுற்றின. இதயத்துக்குள் யசோதா. ஹாலில் லேசான சிரிப்பு கிளம்பியது. டூயட் வரப்போகிறது, சிரிப்பு பெரிதாகப்போகிறது என்று கல்பனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டூயட் வரவில்லை.

கல்யாணச் சத்திரத்தின் இரைச்சல் வந்தது. நாற்காலி இழுக்கிற சத்தம். யாரோ ‘ஐஸ்க்ரீம் இங்க வரல’ என்று கத்தினார்கள். மைக்கில் ஹேமநாத்தின் இளசான பழைய குரல், ‘ஒன், டூ’ என்றது. அப்புறம் ஸ்பீக்கர் அதிர டிரம்ஸ் விழுந்தது. மூன்று அடி துள்ளி, இரண்டு அடி நிதானித்து, இரண்டு அடி இழுத்து, கடைசி அடியில் சின்னதாக ஒரு மூச்சு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து.

“கை சேருதுடீ!” என்று யசோதா இருட்டில் அலறினாள். “ஏய் கல்பனா, பாட்டும் கையும் சேருதுடீ!”

ஆமாம், சேர்ந்தது. தாவணிப் பெண்ணின் கை இறங்கிய இடத்திலெல்லாம் சத்தம் பிறந்தது. கல்பனாவுக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டாள், உடனே மறுபடியும் மறைத்தது.

“எப்படி மேடம்?” என்றான் ஹேமநாத் நம்பமுடியாமல்.

“அந்த வீடியோக்காரர் நல்ல கேமரா வெச்சிருந்திருக்கார். அது சத்தத்தை டேப்ல ரெண்டு இடத்துல பதியும். சினிமாப் பாட்டு ஒரு இடத்துலதான் விழுந்திருக்குது. உங்க வீட்டு டெக்கு அதைத்தான் படிக்கும். என் டெக்கு இன்னொண்ணைப் படிக்குது. நிஜச் சத்தம் எங்கயும் போகல, அடியில அப்படியே இருக்குது.”

அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது. நாகேந்திரன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். காதை ஒருபுறமாகச் சாய்த்து, கையை உயர்த்தி, எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னார். ரிசப்ஷன் அன்று இந்த மனுஷர் பந்தியில் சம்பந்திகளுக்குப் பாயசம் விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. இதைப் பற்றி உறவுக்காரர்கள் சொன்ன குறையைத்தான் கேட்டிருந்தார்.

“ஏய்!” என்று கத்தினார். “இது நம்ம கயினி ஆயில் எஞ்சினு!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“கயினிக் கிணத்துல தண்ணி இறைக்கற எஞ்சினுய்யா! ஏழாவது அடியில மூச்சு வாங்கும். நான் காட்டாத மெக்கானிக் இல்ல. கடைசிவரைக்கும் இப்படித்தான் ஓடிச்சு. மாமரத்துக்குத் தண்ணி பாயறப்போ வீட்ல படுத்துக்கினே கேப்பேன். ஒரு அடி தப்பினா எழுந்து ஓடுவேன். என் காதுல இருக்கற சத்தம்யா இது!” பெரியவர் திரையைக் காட்டினார். “இந்தப் பொண்ணு அதைக் கேட்டுக்கினேதான் பாடம் படிச்சா. எஞ்சின் ரூம் வாசல்ல உக்காந்து டின்னுல தட்டிக்கினு இருப்பா. நான் திட்டுவேன்.”

ஒரு நிருபர் எழுந்தார். “அப்ப பவன்குமார்தான் வாசிச்சார்னு சொல்றாங்களே?”

“எவன் சொன்னது?” நாகேந்திரன் சீறினார். “பவன்குமாரு என் கயினியை மிதிச்சிருக்கானா? அவனுக்கு என் எஞ்சினு எப்படித் தெரியும்?”

“நைனா,” என்றாள் யசோதா, “அவன் பேரைச் சொன்னதே நீதான்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. இந்த முறை கல்பனாவும் சிரித்தாள். நாகேந்திரன் திருதிருவென்று விழித்துவிட்டு, “சரி, நான்தான். தப்புதான். இப்போ நானே சொல்றேன், எழுதிக்கோ. கல்பனா. என் சின்னப் பொண்ணு,” என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டாரே, அந்த முகத்தை இப்போது கூட்டம் முழுக்கப் பார்க்கும்படி நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

கல்பனா அவரிடம் போய் நின்றாள். அவர் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து, புதிதாகப் பார்ப்பதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இந்தக் கையை வெச்சிக்கினு மாங்கூழ் கம்பெனில டப்பா எண்ணிக்கினு இருக்கறியே,” என்றார்.

ஹேமநாத் மைக்கைப் பிடித்தான். டிவிடியில் முதல் பெயராகத் தங்கையின் பெயர் வரும், அது வந்தபிறகே அச்சுக்குப் போகும் என்றான். டைரக்டர் தலையாட்டினார். அவன் இன்னும் ஏதேதோ பேச ஆரம்பித்தபோது பவன்குமார் குறுக்கே வந்தான். அவன் கையில் டிரம்ஸ் குச்சிகள்.

“தீஸ்கோ அம்மா, எடுத்துக்கோ,” என்றான் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக. “யாரு இதை வாசின்னு கேட்டாலும் தோள்வலின்னு சொல்லித் தப்பிச்சிக்கினு இருந்தேன். உன்னால இன்னிக்கு என் தோள்வலி போச்சு. மன்னிச்சிரு.”

“பழக்கம் விட்டுப்போச்சு பவன்.”

“எஞ்சினு வாசல்ல உக்காந்துக்கினு இருக்கேன்னு நெனச்சிக்கோ.”

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கல்பனா மேடையேறினாள். மேலே திரையில் தாவணிக் கல்பனா வாசித்துக்கொண்டிருந்தாள், சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். கீழே கல்பனா குச்சியை உயர்த்தினாள். முதல் சுற்று தடுமாறியது. இரண்டாவது சுற்றில் கை தானாக வழி கண்டுபிடித்தது. ஹேமநாத் கீபோர்டில் சேர்ந்தான், கிடார்கள் சேர்ந்தன. திரைக் கையும் தரைக் கையும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக ஏறின. கூட்டம் எழுந்து நின்று ஏழு அடிக்குக் கைதட்ட முயன்றது, தப்பியது, சிரித்தது, மறுபடியும் முயன்றது. நாகேந்திரன் ஒருவர் மட்டும் ஓர் அடிகூடத் தப்பாமல் தட்டினார்.

பாட்டு முடிந்து ஹால் அதிர்ந்துகொண்டிருந்தபோது யசோதா மட்டும் கைதட்டவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க! அதை அப்படியே நிறுத்துங்க!”

படம் நின்றது. யாரும் ஓட்டிவிடாமல் இதுவரை பார்த்திராத இடம் அது. வீடியோக்காரர் கேமராவை மேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தார். முகத்தைச் சுளிக்கிற உறவுக்காரர்களுக்கு நடுவே, முதல் வரிசையில், பச்சைப் புடவையில் ஓர் அம்மாள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். ஒரு கை தொடையில் தாளம் தட்ட ஓங்கியபடி நின்றிருந்தது.

கல்பனா திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த குச்சி கீழே உருண்டது.

கமலம்மா. பெண் பார்க்க வந்த அன்றுதான் கல்பனாவை முதல்முதலாகப் பார்த்ததாக இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிற மாமியார்.

அண்ணனின் செல்போனை வாங்கிச் சித்தூர் வீட்டு நம்பரை அழுத்தும்போது அவளுக்கு விரல் வலித்தது.

“அத்தே, நான்தான்.”

“வேண்டுதல் முடிஞ்சுதா?” என்றார் கமலம்மா. “தைலம் தடவிக்கினியா?”

“அத்தே... நீங்க யசோதா அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களா?”

அந்தப் பக்கம் டிவி அணைகிற சத்தம் கேட்டது. பிறகு கமலம்மா மெதுவாகச் சிரித்தார்.

“வந்திருந்தேன், மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை. டிரம்ஸ் அடிச்ச பொண்ணுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னு உன்னைக் கட்டிக்கினு வந்தேன். உங்க நைனா மறைக்கறாரேன்னு நானும் வாயைத் திறக்கல. திருப்பதியில இன்னிக்குப் படம்னு பேப்பர்ல பார்த்துத்தான் தைலம் எடுத்துக்கச் சொன்னேன். அது கிடக்கட்டும். உங்க கயினியில அந்த ஆயில் எஞ்சினு இருக்குதா, வித்துட்டீங்களா?”

கல்பனா போனைக் காதில் வைத்தபடியே அப்பாவைப் பார்த்தாள். பெற்றவரே சற்று முன்னால்தான் கண்டுபிடித்த சங்கதி அது.

“எஞ்சினைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தே?”

“தெரியாம என்னா? அந்த மூச்சு வாங்கறதைக் கேட்டதுமே தெரிஞ்சிக்கினேன். உங்க நைனா கைக்குப் போறதுக்கு முன்னால,” என்றார் கமலம்மா, “அது எங்க எஞ்சினு.”